ஆபீசில் எழுதிய மொய்

பதிவுத் துறையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் என்னைக் கண்டால் முதலில் கும்பிடுவார்கள், அப்புறம் சிரிப்பார்கள். கும்பிடு நான் ஓய்வுபெற்ற பதவிக்கு. சிரிப்பு, இருபத்து மூன்று வயதில் நான் செய்த ஒரு காரியத்துக்கு. முப்பது வருஷம் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் அந்தக் கதை எனக்கு முன்னால் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்திருக்கும். "வாங்க மொய் ரைட்டர்" என்றுதான் வரவேற்பார்கள்.

இப்போது கல்யாண நோட்டீசுக் கட்டணத்தை மாற்றப்போவதாகப் பேச்சு. சங்கத்துப் பையன்கள் இரண்டு பேர் வீடு தேடி வந்து, "சார், அந்த மொய்க் கதைய நீங்களே எழுதிக் குடுங்க, மலர்ல போடுவோம். எல்லாரும் சிரிச்சு ரசிப்பாங்க" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. அடப்பாவிகளா, அதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனால் அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பாதிக் கதைதான் அவர்களுக்குத் தெரியும். மீதியை நான்தான் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் சிரிக்கும்போது நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளி இறுதி வகுப்பு முடித்தேன், தெரிந்தவர் சிபாரிசு செய்தார், நகல் எழுதும் குமாஸ்தாவானேன். கிரயப் பத்திரமும் அடமானப் பத்திரமும் கை ஒடிய எழுதியே இரண்டு வருஷம் போயிற்று. ஆபீஸ் இருந்த ஊர் இன்றைக்குப் புதுக்கோட்டை மாவட்டம். அன்றைக்கு அது தஞ்சாவூர் ஜில்லாவின் ஓரம், வெள்ளைக்காரன் ராஜ்ஜியம். மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் மகாராஜாவின் சமஸ்தானம் வந்துவிடும். கட்டுமாவடியிலிருந்து கருவாட்டு மூட்டை ஏற்றிய வண்டிகள் எங்கள் வாசல் வழியாகத்தான் சமஸ்தானத்துக்குள் போகும். வாசனையை வைத்தே மணி சொல்லலாம்.

சடங்கில்லாமல், ஜாதி பார்க்காமல், ரிஜிஸ்திரார் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொள்ள இந்தப் பக்கம் ஒரு சட்டம் இருந்தது. சமஸ்தானத்தில் அதற்கு வழியில்லை என்று சொல்லிக்கொண்டு எப்போதாவது ஒரு ஜோடி எல்லை தாண்டி வரும். சும்மா வந்து நின்றால் ஆகாது. இரண்டு பேரில் ஒருவராவது எங்கள் எல்லைக்குள் பதினாலு நாள் தங்கியிருக்க வேண்டும். அப்புறம் கட்டணம் கட்டி நோட்டீசு கொடுக்க வேண்டும். அதற்கப்புறம் இன்னொரு பதினாலு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் யாரும் வந்து ஆட்சேபணை சொல்லலாம். நோட்டீசு கொடுக்கத்தான் காசு. அதை யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அதற்குக் காசில்லை. கல்யாணம் செய்கிறவன் பணம் கட்ட வேண்டும், கலைக்க வருகிறவனுக்கு இலவசம். இதுதான் சட்டத்தின் லட்சணம்.

எங்கள் ரிஜிஸ்திரார் துரைசாமி ஐயா நோட்டீசு வாங்குவதே தனி அழகு. யாராயிருந்தாலும் பெஞ்சில் உட்காரச் சொல்லுவார். காகிதத்தை மேலேயிருந்து படிக்க மாட்டார், கையெழுத்திலிருந்து மேல்நோக்கிப் படித்துக்கொண்டு போவார். "பொய் சொல்றவன் தலைப்ப நல்லா எழுதுவான், கையெழுத்துலதான் கை நடுங்கும்" என்பார். பிறகு பெண்ணைத் தனியாக அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "யாராச்சும் மிரட்டிக் கூட்டியாந்தாங்களா?" கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தில் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கண்ணாடி இல்லாத முகத்திடம் பெண்கள் பயமில்லாமல் பேசினார்கள். கடைசியாகக் காசு. கட்டுகிறவர் தன் கையால் மேஜையில் வைக்க வேண்டும், கட்டியவர் பெயரை நோட்டீசுப் பக்கத்தின் அடியில் எழுத வேண்டும். "காசு வச்ச கைதான் நோட்டீசு குடுத்த கை. நாளைக்குக் கோர்ட்டுல நான் குடுக்கலன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது" என்பது அவர் சித்தாந்தம். சட்டத்தில் அப்படி இருந்ததா என்று நான் தேடிப் பார்த்ததில்லை. எங்கள் ஆபீசில் அவர் சொன்னதுதான் சட்டம்.

யுத்தம் அப்போது எங்கோ சீமையில் நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று, ஐப்பசி மாதம். ஒரு சாயங்காலம் வள்ளிக்கண்ணும் பழனியப்பனும் வந்தார்கள்.

வள்ளிக்கண்ணு கறம்பக்குடிப் பக்கம், விவசாயக் குடும்பம். ஒன்பது வயதில் கல்யாணம், பதின்மூன்றில் தாலி அறுத்தாயிற்று. அதன்பின் அண்ணன் வீட்டில் மாட்டுக்கும் மனிதருக்கும் வேலை செய்து இருபத்தைந்து வயதை எட்டியிருந்தாள். பழனியப்பன் வேறு ஜாதி, பக்கத்து ஊர். மலாய் நாட்டில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவன். லீவில் வந்திருந்தான். குடும்பத்தோடு வந்தால் வீடு தருவதாகத் தோட்டத்தில் சொல்லியிருந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல். பெண்டாட்டி என்று சர்ட்டிபிகேட் காட்டினால்தான் அவளுக்கும் டிக்கெட் என்று கப்பல் ஏஜெண்டு கண்டிப்பாகச் சொல்லிவிட்டானாம். அவள் எங்கள் ஊரில் ஒரு சின்னம்மா வீட்டில் பதினாலு நாள் தங்கி முடித்திருந்தாள். அன்றைக்கே நோட்டீசு கொடுத்தால் கப்பலுக்கு இரண்டு நாள் முன்னால் கல்யாணம் முடியும். அடுத்து வந்ததெல்லாம் தீபாவளி விடுமுறை. அன்றைக்கு விட்டால் கப்பலை விட்டமாதிரி.

ரிஜிஸ்திரார் ஐயா விசாரித்து முடித்தார், கையெழுத்தும் வாங்கினார். அவருக்குப் பட்டுக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "காச வாங்கிப் பேரெழுதி மூடிடுய்யா" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

வள்ளிக்கண்ணு மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்து மேஜையில் கொட்டினாள். அத்தனையும் அம்மன் காசு! மிளகு மிளகாக, சமஸ்தானத்துச் செப்புக் காசு. வருஷக்கணக்காக மோர் விற்றுச் சேர்த்ததாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இது இங்கிட்டுச் செல்லாதும்மா" என்றேன்.

"ஏன், இது காசில்லியா?"

"சமஸ்தானத்துல காசு. இது வெள்ளைக்காரன் ஆபீசு."

பழனியப்பன் முடிச்சை வாங்கிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினான். மாற்றிக் கொடுக்கும் செட்டியார் கடை சாத்தியிருந்தது. அதே முடிச்சோடு திரும்பி வந்தான். அவனிடம் இருந்த பணமெல்லாம் டிக்கெட் முன்பணமாகப் போய்விட்டிருந்தது. கூட்டுகிறவன் வந்து ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தான்.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என் சட்டைப் பையில் அன்றைக்கு வாங்கிய சம்பளம் இருந்தது. "நான் கட்டிடுறேன், அப்பறமாக் குடுங்க" என்றேன்.

"வேண்டாங்கய்யா" என்றாள் அவள், பட்டென்று. "மொதக் கல்யாணத்துக்கு என்னைய ஒரு வார்த்த கேக்கல. இந்தக் கல்யாணத்துக்கு நாந்தேன் காசு குடுக்கணும்னு வச்சிருந்தேன். கடன் வாங்கிக் கல்யாணம் ஆரம்பிக்க மாட்டேன்."

"அட, கடன் இல்லைங்க. மொய்யின்னு வச்சுக்கங்க."

வாயில் வந்ததைச் சொன்னேன். ஆனால் அந்த வார்த்தை கேட்டதும் அவள் முகம் மலர்ந்ததே, அதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தச் சின்னம்மாவைத் தவிர அவளுடைய சொந்தத்தில் ஒரு ஈ காக்கை அந்தக் கல்யாணத்துக்கு வராது. மொய் எழுத ஒரு ஆள் கிடைத்தான். அவள் பழனியப்பனைப் பார்த்தாள், அவன் தலையை ஆட்டினான்.

"மொய்யின்னா சரி. ஆனா பேரெழுதணும்ல? பேரில்லாத மொய்யிக்கு நாங்க திருப்பிச் செய்ய முடியாதே."

நம் பக்கத்தில் மொய் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெயரில்லாமல் கொடுத்தால் அது பிச்சை. பெயரெழுதினால்தான் செய்முறை, என்றைக்காவது ஒரு ரூபாய் கூட வைத்துத் திரும்பி வரும். அவள் கேட்டது நியாயம். நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு துண்டுக் காகிதத்தில் என் பெயரை எழுதி அவளிடம் கொடுத்துவிட்டு, நோட்டீசுப் பக்கத்தில் அவள் பெயரை எழுதியிருக்க வேண்டும். காசை அவள் கையில் கொடுத்து மேஜையில் வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் தெரியும். ஆனால் எனக்கும் தலைகால் புரியவில்லை. ஒரு பெண் என் பெயரை அப்படிக் கேட்டு நின்றது பெருமையாக இருந்தது. பக்கத்தின் அடியில் என் பெயரை ஊர் பெயரோடு கொட்டை எழுத்தில் எழுதினேன், பந்தலில் எழுதுவதுபோல. அவள் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தாள்.

"நல்லாயிருக்கு" என்றாள். அன்று இரவு எனக்குச் சோறு ருசித்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கப்பலுக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது அவளுடைய அண்ணன் வந்தான். கூட ஒரு வக்கீல் குமாஸ்தா. இருவரும் இலவசமாக நோட்டீசைப் பார்த்தார்கள். பெண்ணுக்கு வயது வந்துவிட்டது, முதல் புருஷன் உயிரோடு இல்லை, ஜோடிக்குள் ரத்த சொந்தமும் இல்லை. ஆட்சேபிக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. திரும்பிப் போகிற நேரத்தில் அந்த வக்கீல் குமாஸ்தாவின் கண்ணில் பக்கத்தின் அடி பட்டது.

"காசு கட்டுன இந்த ஆளு யாரு?" என்றான்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

ரிஜிஸ்திரார் ஐயா பெண்ணையும் பையனையும் வரச்சொல்லி ஆளனுப்பினார். இருவரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அண்ணன் சுவரோரம் நின்றான். அவன் தங்கையை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஐயா அந்தப் பக்கத்தைக் கீழிருந்து மேலாகப் படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவரை அவர் அதிகாரிகளுக்காக ஒருநாளும் கண்ணாடி துடைத்ததில்லை, எனக்காகவும் துடைத்ததில்லை.

"இதுல எப்பிடிய்யா உம்ம பேரு?"

"அது வந்து... மொய்ங்கய்யா."

"என்னது?"

"மொய் எழுதுனேங்கய்யா."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பொண்ணு வீட்டு மொய்யா, மாப்பிள்ள வீட்டு மொய்யா?" என்று கேட்டார்.

ஆபீசே சிரித்தது. சக குமாஸ்தாக்கள் சிரித்தார்கள், பத்திரம் எழுத வந்தவர்கள் சிரித்தார்கள், வக்கீல் குமாஸ்தா தொடையைத் தட்டிச் சிரித்தான். கோபத்தோடு வந்த அண்ணன்கூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டான். உங்களுக்கெல்லாம் தெரிந்த கதை இந்த இடத்தில் முடிகிறது. சிரிப்பு அடங்கியதும் நடந்தது இது.

வக்கீல் குமாஸ்தா சொன்னான்: "ஐயா, ஆபீஸ் குமாஸ்தாவே பணம் கட்டி நோட்டீசு போட்டிருக்காரு. பொண்ண மயக்கிக் கூட்டியாந்ததுல இவருக்கும் பங்குன்னு நாங்க கோர்ட்டுல சொல்லலாமா, கூடாதா?"

ரிஜிஸ்திரார் ஐயா கெட்டவர் இல்லை. அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தார். அவளிடம் தணிவாகச் சொன்னார்: "ஆத்தா, நீ கட்டிக்கப்போற கட்டு நாளைக்கு அவுந்து போகக் கூடாது. இந்த நோட்டீச வச்சு நான் கல்யாணம் பண்ணி வச்சா, செல்லாதுன்னு இவங்க கேஸ் போடுவாங்க. ஒன் கையால காசு கட்டிப் புது நோட்டீசு குடு. பதினாலு நாள்தான்."

"பதினாலு நாளு கழிச்சுக் கப்பலு இல்லீங்களே."

"அடுத்த கப்பல்ல போலாம்."

"லீவு முடிஞ்சிருமுங்க" என்றான் பழனியப்பன். அவன் அன்று பேசியது அவ்வளவுதான்.

அவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. என்னைத் திட்டவுமில்லை. திட்டியிருந்தால் தேவலை. சிரித்துக் களைத்த அந்த ஆபீசைச் சுற்றிப் பார்த்தாள். என் பக்கம் வந்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். என்னைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்குமே என்று அவள் கூசினாள். அந்தக் கூச்சம் இன்னும் என் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஐயா, தப்பு என்னுது, இவங்க ரெண்டு பேரும் இங்கேதான் நின்னாங்க, கையெழுத்து இவங்களோடது, கேஸ் வந்தா நான் சாட்சி சொல்றேன்" என்று சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமோ என்று தலையைக் குனிந்துகொண்டு, காய்ந்து கிடந்த மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழனியப்பன் அடுத்த லீவில் வருவதாகச் சொல்லிவிட்டுக் கப்பலேறினான். போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதாசி வந்ததாம். அடுத்த மாதமே ஜப்பான்காரன் மலாய்க்குள் இறங்கிவிட்டான். கப்பல் நின்றது, தபால் நின்றது. அண்ணன் அவளைச் சேர்க்கவில்லை, அவளும் போகவில்லை. எங்கள் ஊரிலேயே அந்தச் சின்னம்மா வீட்டில் தங்கி, கோரைப்பாய் முடைந்து சந்தையில் விற்றாள். சந்தை நாளில் ஆபீஸ் வாசல் வழியாகப் பாய்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போவாள். சந்தை நாளில் நான் ஆபீசுக்குப் பின்வழியாகப் போக ஆரம்பித்தேன். உள்ளே, "மொய் ரைட்டர், பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?" என்று கேட்பார்கள். நானும் ஈ என்று இளிப்பேன். அந்தக் கேள்வியில் ரிஜிஸ்திரார் ஐயா மட்டும் அப்புறம் சேர்ந்துகொள்ளவில்லை. அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும்.

யுத்தம் முடிந்து மலாயிலிருந்து சில பேர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். தோட்டத்து ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் காட்டுக்குள் ரயில் பாதை போடக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். பழனியப்பனைப் பார்த்ததாகவும் யாரும் சொல்லவில்லை, செத்ததாகவும் யாரும் சொல்லவில்லை.

சுதந்திரத்துக்கு மறுவருஷம், சமஸ்தானம் கலைந்து நம் பக்கத்தோடு சேர்ந்துபோனபோது, என் தங்கைக்குக் கல்யாணம். வீட்டு வாசலில் பந்தல் போட்டு, மேளம் வைத்து, ஊரையே அழைத்திருந்தோம். தாலி கட்டி, கூட்டம் பந்திக்கு எழுந்த பிறகு, வள்ளிக்கண்ணு வந்தாள். விதவை என்று ஊர் முத்திரை குத்திய பெண்ணுக்குக் கல்யாண வீட்டுக்கு எந்த நேரத்தில் வர வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் அவளை அழைக்கவில்லை. என் கால் அவள் வீட்டுப் பக்கம் போயிருந்தால்தானே?

நேராக மொய் எழுதுகிற மேஜைக்குப் போனாள். மடியிலிருந்து பணத்தை எடுத்து வைத்தாள். ஆபீசில் நான் கட்டிய அதே கட்டணம். மேலே ஒரு ரூபாய் கூட.

நான் ஓடினேன். "வேணாங்க, வேணாம். எந்தக் கல்யாணத்துக்கு நான் எழுதுனேன்? நடக்காத கல்யாணத்துக்கு என்ன செய்முறை?" என்று உளறினேன்.

ஆபீசில் கண்ணைத் தாழ்த்திய நாளுக்கப்புறம் அவள் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"நடக்கலன்னு நீங்களே சொன்னா எப்பிடி ரைட்டரய்யா? எங்க கல்யாணத்துக்குன்னு வந்தது ஒங்க ஒருத்தரு மொய்தான். அத நான் திருப்பாம வச்சிருந்தா, அப்பறம் எனக்குக் கல்யாணம்னு ஒண்ணு ஆரம்பிச்சதுக்கே அடையாளம் இல்லாமப் போயிரும்ல?" என்றாள். பிறகு பணத்தை மேஜையில் நகர்த்தி வைத்துவிட்டு, "எல்லாம் நல்ல காசுதான். இப்பத்தேன் அங்கிட்டும் இங்கிட்டும் ஒரே காசாயிருச்சே" என்றாள்.

மொய் எழுதியவர் எங்கள் பெரியப்பா மகன். அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, "யாரு பேர்லம்மா?" என்று கேட்டார்.

"பழனியப்பன் சம்சாரம் வள்ளிக்கண்ணுன்னு போடுங்க."

அவர் வயதைக் கேட்கவில்லை, ஜாதியைக் கேட்கவில்லை, எத்தனை நாள் எங்கே தங்கினாய் என்று கேட்கவில்லை. எழுதிக்கொண்டே, வழக்கப்படி பந்தல் முழுக்கக் கேட்கிறமாதிரி, "பழனியப்பன் சம்சாரம் வள்ளிக்கண்ணு" என்று உரக்கச் சொன்னார். நான் பயந்துபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை.

வெற்றிலைத் தட்டு பக்கத்திலேயே இருந்தது. எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. குங்குமத்தோடு கொடுப்பதா, குங்குமம் இல்லாமல் கொடுப்பதா என்று அந்த நேரத்திலும் என் மூளை ஆபீஸ் குமாஸ்தாவாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வாங்க, உட்காருங்க, சாப்பிட்டுப் போங்க என்று ஒரு வார்த்தை சொல்லவும் நாக்கு எழவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். ஆபீசில் மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதுபோலத்தான் நான் அன்றைக்கும் நின்றிருக்க வேண்டும்.

"எலை போட்டுட்டாக. போயிச் சாப்பிடுங்க ரைட்டரய்யா" என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு பந்தலைவிட்டுப் போனாள்.

நானும் போய் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.